பதினோரு வீட்டுச் சதுரம்

ஓரக்கா இருபத்திரண்டு வருஷம் ரெடிமேட் கம்பெனியில துணி தைச்சா. ஆனா முழுசா ஒரு சட்டைகூட தைச்சதில்ல.

இதுல விடுகதை ஒண்ணும் இல்ல. அந்த மாதிரி இடத்துல வேலையை அப்படித்தான் பிரிச்சு வெச்சிருப்பாங்க. ஒருத்தி காலர் வைப்பா. ஒருத்தி கை ஏத்துவா. ஒருத்தன் காலையில உட்கார்ந்தா சாயந்திரம் வரைக்கும் பட்டன் ஓட்டை மட்டும் போடுவான். இவளுக்கு விழுந்தது ஓவர்லாக் மெஷின். வெட்டின துணியோட ஓரம் பிரிஞ்சு வராம மூணு நூலால கட்டிப்போடுற மெஷின். ஓரம் அடிச்சு அடுத்த மேஜைக்குத் தள்ளிவிட்டா இவ வேலை முடிஞ்சது. அந்தத் துணி என்ன ஆகப்போகுது, யார் போடப்போறாங்க, அதெல்லாம் கேக்கக் கூடாது. கேட்டா சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவான். பேரு அங்கதான் வந்துச்சு. ஓரம் அடிக்கிற அக்கா, ஓரத்தக்கா, கடைசியில ஓரக்கா.

கம்பெனியை ஒரு நாள் மூடிட்டாங்க. கேட்டுல நோட்டீஸ் ஒட்டும்போது உள்ள மெஷின் சூடுகூட ஆறல. முப்பத்தொரு நாள் எல்லாரும் கேட்டு முன்னாடி உட்கார்ந்தாங்க. வெயில்ல கறுத்துப்போனதுதான் மிச்சம்னு சொல்ல முடியாது. கடைசியில பழைய மெஷினை ஆளுக்கொண்ணு எடுத்துக்கிட்டுப் போங்கன்னு கதவைத் திறந்துவிட்டாங்க. மத்தவங்க நேர்த்தையல் மெஷினுக்கு முட்டி மோதினாங்க. அது இருந்தா வீட்டுல உட்கார்ந்து சட்டை, கவுன்னு எதையாவது தைக்கலாம். ஓரக்கா தன்னோட ஓவர்லாக்கையே தூக்கிட்டு வந்தா. கூடவே யாரும் தொடாம கிடந்த வெள்ளைத் துணி ரோல் ஒண்ணு.

"ஓரம் மட்டும் அடிக்கிற மெஷினை வீட்டுல வெச்சு என்ன பண்ணப்போற? சுவத்துக்கு ஓரம் அடிப்பியா?"ன்னாரு புருஷன்.

"உங்க வாய்க்கு அடிக்கிறேன். அதுதான் எந்நேரமும் பிரிஞ்சே கிடக்கு."

ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அந்த வார்த்தையை நினைச்சு அவ பின்னால பல நாள் நாக்கைக் கடிச்சுக்கிட்டா.

புருஷன் பஸ் கண்டக்டர். பிழைப்பே வாய்தான். பஸ்ஸோட கடைசி சீட்டுல தூங்குறவனை முன்படிக்கட்டுல நின்னே எழுப்புற குரல். கட்டை விரலை நாக்குல தொட்டு டிக்கெட் கிழிக்கிற வேகத்தைப் பார்த்தா, காகிதம் தானா வந்து கையில விழுற மாதிரி இருக்கும். ரிட்டயர் ஆகி ஒரு வருஷம்கூட ஆகல, கன்னத்துக்கு உள்ள ஒரு புண். ஆறல. ஆஸ்பத்திரியில கன்னத்துல பாதியும் கீழ்த்தாடையில கொஞ்சமும் எடுத்தாங்க. தொடையிலேர்ந்து சதை எடுத்து வெச்சு ஒட்டினாங்க. உயிர் தப்பிச்சது. ஆனா உதட்டோட இடது ஓரம் மூடவே இல்ல. எச்சில் நிக்காம வடிய ஆரம்பிச்சது. பேச்சு குழறிப்போச்சு. ஓரக்காவுக்கு மட்டும்தான் புரியும்.

அவரு உள் ரூமுக்குப் போயி கதவைச் சாத்திக்கிட்டாரு.

பேசுறதே குறைஞ்சுபோச்சு. ஏதாவது வேணும்னா சுவத்துல தட்டுவாரு. பஸ்ல விசில் அடிச்ச கணக்குத்தான். ஒரு தட்டுன்னா நிறுத்து, வேணாம். ரெண்டு தட்டுன்னா ரைட், போகலாம். முப்பது வருஷம் பஸ்ஸை ஓட வெச்ச பாஷை, இப்ப ஒரு கிண்ணம் கஞ்சியை உள்ள வரவெச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு தட்டு கேக்குறதே அபூர்வமா ஆயிடுச்சு.

வாய் துடைக்க டிஷ்யூ பேப்பர். பெட்டி பெட்டியா வரும், ரோல் ரோலாப் போகும். ஒரு நாளைக்கு நாப்பது அம்பது தடவை துடைக்கணும். பேப்பர் ஈரத்துல நைஞ்சு, துணுக்குத் துணுக்காத் தையல் போட்ட இடத்துல ஒட்டிக்கும். அதை எடுக்கத் தேய்ச்சா தோல் உரியும். தாடையெல்லாம் தீப்பட்ட மாதிரி சிவந்து கிடந்துச்சு. கட்டு மாத்துற நர்ஸ் பார்த்துட்டுச் சத்தம் போட்டா. "இது வாயா, குப்பைத் தொட்டியா? மெத்துனு ஒரு பருத்தித் துணி வெச்சு ஒத்தி எடுங்கம்மா. ஒத்தணும், தேய்க்கக் கூடாது."

அன்னிக்கே ஓரக்கா ரோலைப் பிரிச்சா. ரூமுக்குள்ளேர்ந்து ஒரு தட்டு கேட்டுச்சு. உள்ள போனா.

"துணி வேணாம்"னு குழறினாரு.

"ஏன்? நர்ஸ் சொன்னது காதுல விழலையா?"

"பேப்பர்னா குப்பையில போயிடும். யாருக்கும் தெரியாது." மூச்சு வாங்கி மிச்சத்தையும் சொன்னாரு. "துணின்னா துவைக்கணும். துவைச்சாக் காயப்போடணும். காயப்போட்டா எல்லாம் பார்க்கும்."

அவரு சொன்னது வெறும் பிடிவாதம் இல்ல. அந்தக் கட்டடத்தோட அமைப்பு அப்படி. மூணு மாடி, பதினோரு வீடு. நடுவுல காத்துக்கும் வெளிச்சத்துக்கும் கிணறு மாதிரி ஒரு வெத்திடம். அதைச் சுத்தித்தான் எல்லா வீட்டு வாசலும் நடையும். ஒவ்வொரு மாடியிலும் இந்தக் கைப்பிடியிலேர்ந்து அந்தக் கைப்பிடிக்குக் கம்பி கட்டியிருக்கும். துணி காயற ஒரே இடம் அதுதான். யார் வீட்டுல பாப்பா படுக்கையை நனைச்சது, யார் புதுச் சட்டை எடுத்தாங்கன்னு கம்பியைப் பார்த்தாலே போதும், விசாரிக்கவே வேணாம்.

வியாதியை வெளிய சொல்றதுக்கு அவரு வெக்கப்படல. ஒவ்வொரு நாளும் அது எவ்வளவு ஒழுகுதுன்னு கணக்குக் காட்டுறதுக்குத்தான் வெக்கப்பட்டாரு. இதை ஓரக்கா புரிஞ்சுக்கிட்டா. அவளுக்கு இருந்த கேள்வி ஒண்ணே ஒண்ணு: இந்த மனுஷன் கதவைத் திறந்துக்கிட்டு மறுபடி மனுஷங்களோட வந்து உட்காருவாரா, இல்ல அந்த ரூமுக்குள்ளயே கரைஞ்சு போயிடுவாரா.

அவ தைச்சா. சாணும் நாலு விரலும் அகலத்துல சதுரமா வெட்டினா. நேர் மூலையா விட்டா மெஷினை நாலு தடவை நிறுத்தணும், நூல் முடிச்சு நாலு இடத்துல கெட்டியா நிக்கும், புண்ணுல குத்தும். அதனால டம்ளரைக் கவுத்து வெச்சு நாலு மூலையையும் உருட்டி வெட்டினா. ஒரே ஓட்டத்துல சுத்தி வந்து, மிஞ்சின நூல் வாலை ஊசியால உள்ள இழுத்து மறைச்சா. ஒவ்வொண்ணையும் தன் உதட்டோரத்துல வெச்சுத் தடவிப் பார்த்தா. உறுத்தினதைத் தூக்கிப் போட்டா.

பன்னிரண்டு முடிஞ்சப்ப மேஜை மேல அடுக்கிப் பார்த்துக்கிட்டு நின்னா. ஓரத்தைத் தவிர வேற வேலையே இல்லாத பொருள் இது ஒண்ணுதான். காலர் கிடையாது, கை கிடையாது, அடுத்த மேஜை கிடையாது. ஐம்பத்தாறு வயசுல அவ முதல் தடவையா ஒரு பொருளை முழுசா செஞ்சு முடிச்சிருந்தா. சொல்லிக்க ஆள் இல்ல. சூடா இஸ்திரி போட்டு மடிச்சு வெச்சா.

அந்த வாரம் டிரைவர் வர்றதாச் சொல்லி அனுப்பினாரு. கண்டக்டரோட இருபது வருஷம் ஒரே வண்டி. அண்ணன் தம்பியைவிட ஒட்டு. "வரச் சொல்லட்டுமா?"ன்னு கதவுக்கு வெளிய நின்னு கேட்டா ஓரக்கா. அப்புறம் ஒரு தட்டு. அவ திரும்பினா. இன்னொரு தட்டு.

அஞ்சு மாசத்துக்கு அப்புறம் அவரு முன் ரூமுல வந்து நாற்காலியில உட்கார்ந்தாரு. முடி சீவி, சட்டை மாத்தி, கையில வெள்ளை வெளேர்னு மடிச்ச ஒரு சதுரம்.

"டேய் மாப்ள"ன்னு உள்ள நுழைஞ்சாரு டிரைவர். "நீ பேசாம இருக்கேன்னு கேள்விப்பட்டு டெப்போவுல யாரும் நம்பல தெரியுமா? பந்தயம் கட்டியிருக்கானுங்க."

கண்டக்டர் கண்ணு சிரிச்சுது.

"ஞாபகம் இருக்கா, ஒருத்தர் கோழிக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன்னு சண்டை போட்டாரே? கோழி ஸ்டாப்புல இறங்கிப் போயிருச்சு, அவரு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு..."

கண்டக்டர் வாய்விட்டுச் சிரிச்சுட்டாரு. சிரிச்சதும் எச்சில் பொளக்குனு வந்துச்சு. துணியை வெச்சு ஒத்தினாரு. துணி வாங்கல. இன்னொரு தடவை அழுத்தினாரு. எச்சில் துணி மேல வழுக்கி, தாடையில பரவி, கழுத்துல இறங்கி, சட்டைக் காலர்ல ஊறுச்சு. அவரு அழுத்த அழுத்த அது மூஞ்சி முழுக்கப் போச்சு. பேப்பர்கூட இப்படிக் கைவிட்டதில்ல.

டிரைவர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தாரு. ஓடாத ஃபேன்.

கண்டக்டர் எழுந்தாரு. துணியை நாற்காலியில போட்டுட்டு உள்ள போனாரு. கதவு சாத்திக்கிச்சு. உள்ளேர்ந்து ஒரே ஒரு தட்டு.

டிரைவர் போன பிறகு ஓரக்கா அந்தத் துணியைக் கையில எடுத்தா. மேலாப்புல பிசுபிசுன்னு இருந்துச்சே தவிர, உள்ள காஞ்சே கிடந்துச்சு. அவளை உலுக்கினது அதுதான். அழுக்காகியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்.

கீழ் வீட்டுல ஒருத்தி, ஆஸ்பத்திரி சலவைக் கூடத்துல வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு படுக்கை விரிப்பு துவைக்கிறவ. கிட்ட போனா சலவைச் சோடா வாசனை அடிக்கும், அதனால பேரே சோடாக்கா. ஓரக்கா துணியைக் கொண்டுபோய் அவ முன்னாடி போட்டா.

சோடாக்கா விரல் நுனியில ஒரு சொட்டு தண்ணி எடுத்து துணி மேல விட்டா. சொட்டு முத்து மாதிரி உருண்டு நின்னுச்சு. சாய்ச்சதும் ஓடிப்போய்க் கீழ விழுந்துச்சு.

"துவைச்சியா?"

"புதுத் துணிடி. சூடா இஸ்திரி போட்டேன்."

"ஏண்டி, இருபத்திரண்டு வருஷம் துணியோட குடும்பம் நடத்தினியே, ஒரு நாளாவது அதைத் தண்ணியில பார்த்தியா?"

"கம்பெனியில தண்ணி பட்டாலே பீஸ் ரிஜெக்ட்."

"அதான் பாரு. உனக்குத் துணியைக் கல்யாண மேடை வரைக்கும்தான் தெரியும். அதுக்கு அப்புறம் அது படுற பாடு எனக்குத்தான் தெரியும்." அவ சிரிக்காமதான் சொன்னா. "கடையில பளபளன்னு நிக்கணும்னு கஞ்சியும் மருந்தும் பூசி அனுப்புறான். அது போற வரைக்கும் துணி தண்ணி குடிக்காது. சோடா போட்டு அஞ்சு தடவை கொதிக்க வெச்சு அலசு. வாசனைத் தண்ணி, மெத்துனு ஆக்குற தண்ணின்னு எதையும் ஊத்தித் தொலைக்காத. அதுவும் இதே வேலையைத்தான் பண்ணும்."

"பழைய விரிப்பைக் கிழிச்சே தைச்சிருக்கலாம்ல. நான்தான்... சீக்காளிக்குக் கந்தலாக் கொடுக்குறதுன்னு..."

"உன் கவுரவம் அவரு சட்டையில வழிஞ்சுது. போ, அடுப்பைப் பத்த வை."

சோடாக்கா வாய் அப்படித்தான். ஆனா அடுப்பைப் பத்தவைக்க அவளும் கூடவே வந்தா.

அஞ்சாவது கொதிக்கு அப்புறம் துணி பளபளப்பு செத்து, கொஞ்சம் சுருங்கி, பழைய பனியன் மாதிரி மெத்துனு ஆச்சு. ஓரக்கா ஒரு சொட்டு விட்டா. விழுந்த இடத்துலயே மாயமாப் போச்சு. கதவைத் தட்டி, திறந்து, அவரு முன்னாடி உட்கார்ந்து, பேசாம இன்னொரு சொட்டு விட்டுக் காட்டினா. அவரு துணியைப் பார்த்தாரு, அவளைப் பார்த்தாரு. கையை நீட்டினாரு.

ரெண்டு வாரத்துல தாடை சிவப்பு அடங்குச்சு. பன்னிரண்டு பத்தாம ஓரக்கா இன்னும் நாப்பது தைச்சு, அதே மாதிரி கொதிக்க வெச்சுக் கொடுத்தா. ரூமுக்குள்ள அவரு துணியைத்தான் வெச்சுக்கிட்டாரு. ஆனா கதவு திறக்கல. துவைச்சதையும் ரூமுக்குள்ளயே கயிறு கட்டிக் காயப்போடச் சொன்னாரு. வெளிச்சம் இல்லாத ரூமுல அது எங்க காயும்? ஈர வாடை அடிக்க ஆரம்பிச்சுது. வேற வழியில்லாம ஒரு நாள் ஓரக்கா எல்லாத்தையும் நடைக் கம்பியில போட்டா. மறுநாளும் போட்டா.

மூணாவது மாடியில ஒரு டீச்சர். ரிட்டயர் ஆனவங்க, தனி ஆள். நாற்காலி போட்டுக் கைப்பிடி ஓரமா உட்கார்ந்தா மூணு மாடிக் கம்பியும் கண்ணுக்கு நேரா இருக்கும். வருகைப் பதிவேடு மாதிரி பார்ப்பாங்க.

"என்னம்மா, கண்டக்டருக்கு ரொம்ப முடியலையா?"ன்னு மேலேர்ந்து குரல் கொடுத்தாங்க. "நேத்து இருபத்தாறு இருந்துச்சு. இன்னிக்கு முப்பத்தெட்டு தொங்குதே!"

அக்கறையாத்தான் கேட்டாங்க. அதுதான் கொடுமை. குரல் வெத்திடத்துல எதிரொலிச்சு எல்லா வீட்டுக்கும் போச்சு. உள் ரூம் ஜன்னல் படார்னு சாத்திக்கிச்சு. அதுவரைக்கும் கொஞ்சமாவது திறந்திருந்த ஜன்னல் அது.

ஒரு தட்டு கேட்டுச்சு. ஓரக்கா போகல. கையில ஈரத் துணியோட அப்படியே நின்னா. முப்பத்தெட்டையும் எடுத்து ஒளிக்கலாம். திரும்பப் பேப்பருக்குப் போகலாம், தோல் உரியலாம். இல்லன்னா... கேட்டு முன்னாடி முப்பத்தொரு நாள் உட்கார்ந்தப்ப அவ ஒண்ணு கத்துக்கிட்டிருந்தா. தனியா நின்னவ பேரைச் சூப்பர்வைசர் எழுதிக்கிட்டான். நூறு பேர் உட்கார்ந்தப்ப அவன் பேனாவை மூடிட்டான்.

ரோலைப் பிரிச்சா. ஒன்பது நாள் மெஷின் ஓடுச்சு. வீட்டுக்குப் பன்னிரண்டு, பத்து வீட்டுக்கு நூத்திருபது. எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒரே நூல். அடையாளம்னு ஒரு புள்ளிகூட வைக்கல. சோடாக்கா பெரிய டிரம்முல போட்டு அஞ்சு தடவை கொதிக்க வெச்சுக் கொடுத்தா. அப்புறம் ஓரக்கா கூடையை இடுப்புல வெச்சுக்கிட்டு வீடு வீடாப் போனா. கதை கட்டல. நேராவே சொன்னா.

"எங்க வீட்டுக்காரருக்கு வாய் ஒழுகுது. உங்களுக்கே தெரியும். அதைத் துடைக்கிற துணி கம்பியில தொங்குறதை எல்லாரும் எண்ணுறாங்கன்னு அவரு வெளிய வர மாட்டேங்குறாரு. எல்லா வீட்டுலயும் இதே துணி தொங்குனா எண்ண முடியாது. அடுப்பு மேடை துடைங்க, கை துடைங்க, மூக்கு சிந்துங்க. என்ன வேணா பண்ணுங்க. ஆனா துவைச்சு இந்தக் கம்பியில போடுங்க."

பக்கத்து வீட்டு மெக்கானிக் தலையைச் சொறிஞ்சான். "அக்கா, என் கை தெரியும்ல? கிரீஸ் போகாது."

"போகாட்டிப் போகுது. தொங்கணும், அவ்வளவுதான்."

எதிர் வீட்டுல ஆறு மாசக் குழந்தை. அந்தப் பொண்ணு கூடையைப் பார்த்ததும் கையை நீட்டிட்டா. "கொடுங்கக்கா. எங்க வீட்டுலயும் ஒரு ஐயா நாள் பூரா ஒழுகிக்கிட்டுத்தான் இருக்காரு. அவருக்கு வெக்கமே இல்ல."

ஒரு வீட்டுல மட்டும், "பேப்பர்னா தூக்கிப்போட்டா வேலை முடிஞ்சுது, இதை யாரு துவைக்கிறது"ன்னு முனகினாங்க. சோடாக்கா கீழேர்ந்து கத்தினா: "ஞாயித்துக்கிழமை டிரம்மு வைப்பேன், கொண்டாந்து போடு. உன் கை தேய்ஞ்சு போயிடாது!" அந்த வீடும் வாங்கிக்கிச்சு.

டீச்சர் வீட்டுக்குக் கடைசியாத்தான் போனா. அங்கயும் அதையேதான் சொன்னா, ஒரு வார்த்தை குறைக்கல. "எண்ணினது நீங்கதான்"னும் சேர்த்துச் சொன்னா.

டீச்சர் கூடையிலேர்ந்து ஒண்ணை எடுத்து விரிச்சுப் பார்த்தாங்க. "நாப்பது வருஷம் பிள்ளைங்களை எண்ணினவ. கண்ணு தானா எண்ணிடுதும்மா"ன்னாங்க. அப்புறம் கண்ணாடியைக் கழட்டி முந்தானையில துடைச்சுக்கிட்டே, "எனக்குச் சளி. பேப்பர் வெச்சு வெச்சு மூக்கு புண்ணாக் கிடக்கு. பன்னிரண்டு எதுக்கு, ஒரு ஆள்தானே, ஆறு போதும்"ன்னாங்க.

"பன்னிரண்டும் தொங்கணும்."

"சரி, வெச்சுட்டுப் போ. அதட்டாத."

அடுத்த ஞாயித்துக்கிழமை டிரம்முல எல்லாம் ஒண்ணாக் கொதிச்சுது. மத்தியானம் மூணு மாடிக் கம்பியிலும் வெள்ளைச் சதுரம். காத்து அடிச்சா எல்லாம் ஒரே பக்கம் திரும்புச்சு. ஓரக்கா உள்ள போயி, கேக்காமலே ஜன்னலை நாலு விரல் திறந்து வெச்சுட்டு வந்துட்டா.

ரொம்ப நேரம் கழிச்சு உள்ளேர்ந்து குழறின குரல்.

"எது நம்மளுது?"

"தெரியல."

"தைச்சவளுக்குத் தெரியாதா?"

"தெரியக் கூடாதுன்னுதான தைச்சேன்."

அன்னிக்கு ஒண்ணும் நடக்கல. அடுத்த நாளும் நடக்கல. புதன்கிழமை காலையில அவ துவைச்ச துணியை வாளியில போட்டு, கதவோரமா வெச்சுட்டு, அடுப்பைக் கவனிக்கப் போனா. ரெண்டு தட்டு கேட்டுச்சு. திரும்பிப் பார்க்குறதுக்குள்ள கதவு திறந்து, அவரு வாளியைத் தூக்கிக்கிட்டு நடைக்குப் போயிட்டாரு. இடது கையில ஒரு சதுரம் வாயோரத்துல. வலது கையால ஒவ்வொண்ணா உதறிக் கம்பியில போட்டாரு. பழைய வேகம் இல்ல. மேல டீச்சர் உட்கார்ந்திருந்தாங்க.

"கண்டக்டர்"னு கூப்பிட்டாங்க டீச்சர். "மேகம் கட்டுது. கிளிப் போட்டு வைங்க."

அவரு அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினாரு. கைப்பிடியில ரெண்டு தட்டு தட்டினாரு.

அதுக்கு அப்புறம் காலையில அவரு நாற்காலி நடையிலதான். டிரைவர் மறுபடி வந்தாரு. கோழிக் கதையை விட்ட இடத்துலேர்ந்து ஆரம்பிச்சாரு. கண்டக்டர் சிரிச்சாரு, வழிஞ்சுது, ஒத்தினாரு, துணி குடிச்சுது, சிரிப்பு தொடர்ந்துச்சு. டிரைவருக்கு வேர்த்துது. எட்டிக் கம்பியிலேர்ந்து ஒண்ணை இழுத்துக் கழுத்தைத் துடைச்சாரு.

"யாருதுடா இது?"

"யாருதோ"ன்னாரு கண்டக்டர். அந்தக் குழறல் டிரைவருக்கும் புரிஞ்சுது.

இன்னும் பதினாலு மாசம் இருந்தாரு. புண் வேற இடத்துல திரும்ப வந்துச்சு. அதை யாராலயும் தைக்க முடியல. கடைசி வாரம் தவிர, ரூம் கதவு சாத்தல. ஒரு காலை நேரத்துல ஆஸ்பத்திரியில போயிட்டாரு. பதினோரு வீடும் சுடுகாடு வரைக்கும் வந்துச்சு.

எட்டு நாள் கழிச்சு ஓரக்காவுக்கு ஒரு ஆசை வந்துச்சு. அவரு வாய் துடைச்ச துணியில ஒண்ணை எடுத்து வெச்சுக்கணும். வேற எதுவும் கேக்கல, ஒண்ணே ஒண்ணு. நடைக்குப் போனா. கம்பி நெறையத் தொங்குச்சு. ஒவ்வொண்ணாத் தொட்டா. ஓரத்தைத் தடவினா. மோந்து பார்த்தா, எல்லாத்துலயும் சோடா. பதினாலு மாசமா ஒரே டிரம்முல கொதிச்சு, வீடு மாறி வீடு போய், யார் கையிலயோ வந்து, யார் கம்பியிலயோ தொங்கினது. அவருதுன்னு யாராலயும் சொல்ல முடியாம இருக்கணும்னுதான் தைச்சா. வேலை அவ்வளவு சுத்தமா அமைஞ்சுபோச்சு.

கடைசியில ஒண்ணை இழுத்தா. இருக்கிறதுலயே நைஞ்சது, வெளிச்சத்துல பிடிச்சா விரல் தெரிஞ்சுது. இதுதான், இவ்வளவு தேய்ஞ்சிருக்குன்னா அவருதாத்தான் இருக்கணும்னு நெஞ்சோட வெச்சுக்கிட்டு நின்னா.

வேலைக்குக் கிளம்பின மெக்கானிக் பார்த்துட்டான். போயிடலாம்னு பார்த்தான், போக முடியல.

"அக்கா... தப்பா எடுத்துக்காதீங்க. அது என்னுது. அந்த மூலையைப் பாருங்க."

பார்த்தா. உருட்டின மூலையில, எத்தனை கொதி கொதிச்சும் போகாத கிரீஸ், கட்டை விரல் அச்சு.

எட்டு நாள்ல முதல் தடவையா ஓரக்கா வாயிலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு. சிரிப்புன்னு மெக்கானிக் பின்னால சொன்னான்.

"வெச்சுக்கோங்க அக்கா"ன்னான்.

"வெச்சுக்கிறேன்டா. உனக்கு வேற தர்றேன்."

அதை மடிச்சு அலமாரியில அவரு விசிலுக்குப் பக்கத்துல வெச்சா. சாயந்திரம் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ரோலோட கடைசித் துண்டுல ஒண்ணு வெட்டி, டம்ளரைக் கவுத்து மூலை உருட்டி, ஒரே ஓட்டத்துல ஓரம் அடிச்சா. உடனே கொடுக்கல. அஞ்சு தடவை கொதிக்க வெச்சு, ஒரு சொட்டு தண்ணி விட்டு, அது குடிக்குதான்னு பார்த்துட்டுத்தான் கொண்டுபோய்க் கொடுத்தா.